சுமந்து செல்லும் கணினி: கேட்டதும் கிடைத்ததும்



கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம் பெரியோர் சொல்வார்கள். கூழைக் குடிக்கவும் வேண்டும். மீசையில் ஒரு துளிகூட ஒட்டவும் கூடாது. இரண்டும் நியாயமான ஆசைகளே. ஆனால் ஒன்றை நிறைவேற்றப் போனால் மற்றொன்று கெட்டுவிடுகிறது. கையில் எடுத்துச் செல்லும் கணினியின் வரலாறு முழுவதும் இந்தப் பழமொழிக்கு எழுதப்பட்ட விரிவுரை போலவே அமைந்திருக்கிறது.

நல்ல மடிக்கணினி எப்படி இருக்க வேண்டும் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பார் ஒருவர். திரை பெரிதாக இருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். மின்கலம் நாள் முழுவதும் உழைக்க வேண்டும், விசைப்பலகை விரலுக்கு இதமாக இருக்க வேண்டும், கீழே விழுந்தால் உடையக் கூடாது, விலை மலிவாக இருக்க வேண்டும், பழுதானால் பக்கத்துக் கடையிலேயே சரிசெய்ய முடிய வேண்டும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சரியே. ஆனால் பெரிய திரை மின்சாரத்தை மிகுதியாகக் குடிக்கும். நெடுநேரம் உழைக்கும் மின்கலம் எடையைக் கூட்டும். உடையாத கூடு விலையை உயர்த்தும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைக்க முயன்றவர்கள் என்ன ஆனார்கள், எதையாவது விட்டுக்கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இன்றைய உரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு கனவிலிருந்து தொடங்குவோம். 1960களில் கணினி என்றால் ஒரு தனி அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். குளிரூட்டிய அந்த அறைக்குள் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செல்லலாம். அந்தக் காலத்திலே, 1968ஆம் ஆண்டில், ஆலன் கே என்னும் அமெரிக்க இளைஞர், குழந்தைகள் கையில் ஏந்திச் செல்லும் கணினியைப் பற்றிச் சிந்தித்தார். அப்படி ஒன்றைச் செய்யும் தொழில்நுட்பம் அன்று உலகில் எங்கும் இல்லை. ஆகவே அவர் அட்டையால் ஒரு மாதிரியைச் செய்தார். எவ்வளவு எடை இருந்தால் மனிதர் சலிப்பின்றிச் சுமப்பார் என்று அறிய, அந்த அட்டைப் பெட்டிக்குள் ஈயக் குண்டுகளைக் கொட்டி, கையில் தூக்கிப் பார்த்தார்.

இந்தச் செய்கையில் ஆழ்ந்த பொருள் உண்டு. இயந்திரத்தால் என்ன முடியும் என்று அவர் தொடங்கவில்லை. மனிதனின் கை எதைத் தாங்கும் என்று தொடங்கினார். 1972ஆம் ஆண்டு, செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றியபோது, தம் எண்ணத்தை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கற்பனைக் கணினிக்கு டைனாபுக் என்று பெயர். அது ஒரு குறிப்பேட்டின் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது; எடை நான்கு பவுண்டுக்குள், அதாவது 1.8 கிலோவுக்குள், இருக்க வேண்டும். சுமார் 500 புத்தகப் பக்கங்களைச் சேமித்து வைக்க வேண்டும். விலை ஏறத்தாழ 500 அமெரிக்க வெள்ளியாக இருக்க வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவர் புல்வெளியில் படுத்தபடி, தங்கள் கணினிகளில் விண்வெளிப் போர் விளையாட்டு விளையாடுகிறார்கள். விளையாட்டின் வழியே அவர்களுக்கு அறிவியல் கேள்விகள் எழுகின்றன. பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதற்கான நிரல்களைத் தாமே எழுதிக் கற்க வேண்டும் என்பதே கேயின் நோக்கம்.

கனவு இவ்வாறு இருக்க, சந்தைக்கு வந்தது என்ன? 1975ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் 5100 என்ற எண்ணுடைய கணினியை வெளியிட்டது. எடுத்துச் செல்லத்தக்கது என்று அது விளம்பரம் செய்யப்பட்டது. எடையோ 20 கிலோவுக்கு மேல். நாம் கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பைகள் இரண்டை ஒருங்கே தூக்குவதற்குச் சமம். விலை 8,975 அமெரிக்க வெள்ளியில் தொடங்கி 20,000 வெள்ளியை நெருங்கியது. முன்பு ஓர் அறையை நிரப்பிய கணிப்பாற்றல் ஒரு மேசைக்கு வந்துவிட்டது என்பது பெரிய சாதனைதான். ஆயினும் அது தூக்க முடிந்த கணினியே தவிர, சுமந்து திரியத்தக்க கணினி அன்று.

எளிய மனிதர் வாங்கக்கூடிய சுமை கணினியை முதன்முதலில் பெருமளவில் விற்றுக் காட்டியவர் ஆடம் ஆஸ்போர்ன். தமிழ் நேயர்களுக்கு இவருடைய இளமைப் பருவம் வியப்பளிக்கும். 1939ஆம் ஆண்டு பாங்காக்கில் பிறந்தவர் இவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். தாயார் போலந்து நாட்டவர். ஆர்தர், ரமண மகரிஷியின் அடியவர். ஆகவே ஆடமின் பிள்ளைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. பதினொரு வயதளவில் இங்கிலாந்து சென்று, பின்னர் வேதிப் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றார். கணினிகளைப் பற்றி எளிய நூல்கள் எழுதி, அவற்றைத் தாமே வெளியிட்டு விற்றார். பிறகு அந்தப் பதிப்பகத்தை விற்றுவிட்டு, கணினி செய்யும் தொழிலில் இறங்கினார்.

லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற பொறியாளர் வடிவமைத்த ஆஸ்போர்ன் 1, 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணினிச் சந்தையில் அறிமுகமாயிற்று. பார்வைக்கு அது ஒரு தையல் இயந்திரப் பெட்டியைப் போல் இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. எடை ஏறத்தாழ 11 கிலோ. விமானத்தில் இருக்கைக்கு அடியில் வைத்துவிடலாம். விலை 1,795 அமெரிக்க வெள்ளி. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் தேவையான மென்பொருள்கள் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். அவற்றைத் தனித்தனியாக வாங்கினால் கணினியின் விலையில் பெரும்பகுதி ஆகிவிடும்.

ஆனால் திரையோ வெறும் ஐந்து அங்குலம். அன்றைய திரை என்பது தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற கண்ணாடிக் குழாய். திரை பெரிதானால் குழாயின் நீளமும் எடையும் கூடும். ஆகவே சிறிய குழாயே பெட்டிக்குள் அடங்கியது. ஒரு வரிக்கு 52 எழுத்துகள் மட்டுமே தெரியும். தட்டச்சுத் தாளின் வரிக்கோ ஏறத்தாழ 80 எழுத்துகள். மீதியைப் படிக்க, திரையை இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். பெட்டிக்குள் மின்கலமும் இல்லை. சுவரில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும்.

இத்தனை குறைகள் இருந்தும் மக்கள் அதை வரிசையில் நின்று வாங்கினார்கள். உச்ச காலத்தில் மாதத்துக்கு 10,000 வரை விற்பனையாயிற்று. காரணம் என்ன? மிகச் சிறந்ததைத் தருகிறேன் என்று ஆஸ்போர்ன் சொல்லவில்லை. பெரும்பாலோர் வேலைக்குப் போதுமானது, கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. போதும் என்ற சொல்லை ஒரு தொழில்நுட்பக் கோட்பாடாக்கியவர் என்று அவரைச் சொல்லலாம்.

ஆனால் போதும் என்ற நிலையில் மனித மனம் நிற்பதில்லை அன்றோ? 1982ஆம் ஆண்டு கேப்ரோ என்ற போட்டி நிறுவனம், ஒன்பது அங்குலத் திரையுடன் இதே தரத்தில் ஒரு கணினியைக் கொண்டுவந்தது. ஐந்து அங்குலத்தில் நிறைவு கண்டவர்கள், ஒன்பது அங்குலத்தைப் பார்த்ததும் கண் வலிக்கிறது என்றார்கள். ஆஸ்போர்ன் நிறுவனமும் மேம்பட்ட அடுத்த கணினியைப் பற்றிப் பேசத் தொடங்கியது. புதியது வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், பழையதை வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். 1983ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நிறுவனம் நொடித்துப்போனது. வரப்போகும் பொருளை முன்கூட்டியே அறிவித்து, இருக்கும் பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றும் வணிக உலகில் ஆஸ்போர்ன் விளைவு என்று பெயர். நிருவாகக் கோளாறுகளும் போட்டியும் அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் என்று ஆராய்ந்தவர்கள் கூறுவர். ஆயினும் போதும் என்று விற்றவரை, போதாது என்ற எண்ணம் வீழ்த்தியது என்பதில் ஐயமில்லை.

ஆஸ்போர்ன் விழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேறு சிலர் வேறு வழிகளில் சென்றார்கள். யாருக்காகக் கணினி செய்கிறோம் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடைகள் வெவ்வேறாக இருந்தன.

1982ஆம் ஆண்டு கிரிட் என்ற நிறுவனம் காம்பஸ் என்னும் கணினியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் பில் மொக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர். தட்டையான திரை, சிப்பி மூடுவதைப் போல விசைப்பலகையின் மேல் மடிந்து மூடும். இன்று நாம் காணும் ஒவ்வொரு மடிக்கணினிக்கும் அந்த மடிப்பே முன்னோடி. மக்னீசிய உலோகத்தாலான உறுதியான கூடு. எடை ஏறத்தாழ 5 கிலோ. விலை 8,150 அமெரிக்க வெள்ளி. அமெரிக்க அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் வாங்கின. விண்வெளி ஓடத்திலும் அது பறந்தது. விலையைப் பொருட்படுத்தாதவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. எனினும் அந்த முதல் வகையிலும் உள்ளே மின்கலம் இல்லை.

நேர்மாறான வழியில் சென்றவர்கள் ஜப்பானியர்கள். எப்சன் நிறுவனத்தின் எச்எக்ஸ்-20, காகிதத் தாளின் அளவே உள்ளது, எடை 1.6 கிலோ. கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக, கைக்கடிகாரங்களில் இருப்பது போன்ற நீர்மப் படிகத் திரை. இத்திரை தானாக ஒளி வீசுவதில்லை. தன்மேல் விழும் ஒளியை மறைத்தும் விடுத்தும் எழுத்துகளைக் காட்டுகிறது. ஆகவே மிகச் சிறிதளவு மின்சாரமே போதும். ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 50 மணி நேரம் இயங்கும். ஆனால் அந்தத் திரையில் தெரிவது நான்கு வரிகள்; வரிக்கு 20 எழுத்துகள். ஒரு நீண்ட வாக்கியமே சில வேளை அதில் அடங்காது.

1983ஆம் ஆண்டு, ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்கப்பட்ட மாடல் 100, இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. எட்டு வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். விரல்களுக்கு ஏற்ற முழு அளவு விசைப்பலகை. எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் நான்கு சிறிய பேட்டரிகளைப் போட்டால் 20 மணி நேரம் வரை ஓடும். எழுதியதைத் தொலைபேசி வழியே அனுப்பும் வசதியும் உள்ளேயே இருந்தது. பத்திரிகைச் செய்தியாளர்கள் இதைப் பெரிதும் விரும்பினார்கள். நீதிமன்றத் திண்ணையிலோ விளையாட்டரங்கிலோ அமர்ந்து எழுதி, தொலைபேசி கிடைத்த இடத்திலிருந்து செய்தியை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வண்ணமோ படமோ அவர்கள் கேட்கவில்லை. எழுத வேண்டும், எழுதியது போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. தனக்கு எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவனுக்கு எளிய கருவியே இலட்சியக் கருவியாகிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு விருப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத விருப்பம். அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் கணினியில் ஓடும் மென்பொருள் இன்னொன்றில் ஓடாது. அலுவலகத்தில் எழுதியதை வெளியூரில் திறக்க இயலாது. இதைப் புரிந்துகொண்டவர்கள் காம்பேக் நிறுவனத்தைத் தொடங்கிய மூவர். ஹூஸ்டன் நகரில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, தட்டின் கீழே விரித்திருந்த காகிதத்தில் அவர்கள் தங்கள் கணினியின் முதல் வரைபடத்தைப் போட்டதாகச் சொல்வார்கள். 1983ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அந்தக் கணினியின் எடை ஏறத்தாழ 13 கிலோ, ஆஸ்போர்னைவிடக் கனமானது, விலையும் கூடியது. ஆனால் ஐபிஎம் மேசைக் கணினியில் ஓடிய மென்பொருள்கள் அதில் அப்படியே ஓடின. முதலாண்டில் மட்டும் 53,000 கணினிகள் விற்பனையாயின. மற்றவரோடு இணைந்து வேலை செய்ய முடியுமானால், கூடுதலாகச் சில கிலோ சுமக்கவும் மக்கள் தயங்கவில்லை.

1985ஆம் ஆண்டு ஜப்பானின் தோஷிபா நிறுவனம் இவ்விரு வழிகளையும் ஒன்றாக இணைத்தது. அதன் டி1100, ஐபிஎம் கணினிக்கு ஒத்திசைந்தது, மின்கலத்தில் இயங்கியது, மடித்து மூடத்தக்கது, எடை 4 கிலோ அளவில் இருந்தது. மடிமேல் வைக்கும் கணினி என்ற பெயர் மெல்ல மெல்லப் பொருளுடையதாயிற்று.

இந்த இடத்தில் ஒரு தோல்வியையும் ஒரு வெற்றியையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் படைப்புகள். 1989ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் போர்ட்டபிள் என்ற கணினியை வெளியிட்டது. எதையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தவர்களின் படைப்பு அது. அன்று கிடைத்தவற்றுள் மிகத் தெளிவான திரை, நல்ல விசைப்பலகை, பத்து மணி நேரம் வரை உழைக்கும் மின்கலம். ஆனால் அந்த மின்கலம், மோட்டார் வண்டியில் இருப்பதைப் போன்ற ஈய அமில வகை. மொத்த எடை 7 கிலோவைத் தாண்டியது. விலை 6,500 அமெரிக்க வெள்ளி. கேட்டதெல்லாம் கொடுக்கப்பட்டது, ஆனால் வாங்க ஆளில்லை.

இரண்டே ஆண்டுகளில் அதே நிறுவனம் பாடம் கற்றது. 1991ஆம் ஆண்டு வந்த பவர்புக் வரிசையில், பல வசதிகள் குறைக்கப்பட்டன. பதிலாக, மனிதனின் கை எப்படி உட்காருகிறது என்பது கவனிக்கப்பட்டது. அதுவரை விசைப்பலகை கணினியின் முன்விளிம்பில் இருந்தது. எழுதுபவரின் மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. பவர்புக்கில் விசைப்பலகையைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் கை சாய்க்க இடம் விட்டு, நடுவில் சுட்டியை நகர்த்தும் உருண்டையைப் பொருத்தினார்கள். இன்று உங்கள் வீட்டில் மடிக்கணினி இருந்தால் பாருங்கள், அதே அமைப்புத்தான். ஈயக் குண்டுகளைக் கையில் தூக்கிப் பார்த்த ஆலன் கேயின் முறை இங்கே வேறு வடிவில் வென்றது.

எடைக்கும் உழைப்புக்கும் இடையே நடந்த சண்டையை ஓரளவு தீர்த்து வைத்தது வேதியியல். உலோகங்களிலேயே மிக இலேசானது லித்தியம். அதன் மின்னேற்றத் துகள்கள் மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்புவதால் மின்சாரம் சேமிக்கப்பட்டு வெளிப்படுகிறது. விட்டிங்காம், குடினஃப், யோஷினோ ஆகிய மூவரின் ஆய்வுகளால் உருவான இந்த மின்கலத்தை, 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த எடையில் மிகுந்த ஆற்றல் என்பது நல்ல செய்திதான். ஆனால் மிகுந்த ஆற்றலைச் சிறிய இடத்தில் அடைத்தால் ஆபத்தும் கூடவே வரும். 2006ஆம் ஆண்டு, தீப்பற்றக்கூடும் என்ற அச்சத்தால் டெல் நிறுவனம் மட்டும் 41 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற அறிவிப்புச் செய்தது.

நேயர்களே, இதுவரை சொன்ன கணினிகளை வாங்கிய தமிழர் ஒருவருக்கு இன்னொரு விருப்பமும் இருந்திருக்கும். தம் தாய்மொழியில் எழுத வேண்டும் என்ற விருப்பம் அது. திருவண்ணாமலையில் வளர்ந்தவர் விற்ற கணினியாக இருந்தும், ஆஸ்போர்ன் 1 ஆங்கில எழுத்துகளுக்காகவே அமைக்கப்பட்டிருந்தது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களும், 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடும், கணினியில் தமிழ் எழுதுவோருக்கு வழி காட்டின. இலேசான கணினியும் தெளிவான திரையும் இருந்தாலும், தன் மொழி அதில் தெரியாவிட்டால் அது பிறர் வீட்டுத் திண்ணை போன்றதே.

இனி, கேயின் கனவில் வந்த குழந்தைகளிடம் திரும்புவோம். 2005ஆம் ஆண்டு நிக்கலஸ் நெகரோபாண்டே என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக 100 வெள்ளியில் மடிக்கணினி செய்யப்போவதாக அறிவித்தார். 2007ஆம் ஆண்டு அது தயாராயிற்று. பச்சையும் வெள்ளையுமான சிறிய கணினி. எடை ஒன்றரைக் கிலோவுக்குள். கொளுத்தும் வெயிலிலும் படிக்கத்தக்க திரை. மிகக் குறைந்த மின்சாரச் செலவு. விலை மட்டும் 100 வெள்ளிக்குள் அடங்கவில்லை, ஏறத்தாழ இருமடங்காயிற்று.

தென்னமெரிக்க நாடான உருகுவே, 2009ஆம் ஆண்டுக்குள் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இதை வழங்கியது. இன்னொரு தென்னமெரிக்க நாடான பெருவிலும் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. பெரு நாட்டின் 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. கணினி பெற்ற பள்ளிகளில் கணிதத்திலோ வாசிப்பிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை என்றது அந்த ஆய்வு. பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றிருந்தார்கள். ஆனால் அதைக் கொண்டு பாடம் நடத்த ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் துணையும் இல்லை. நல்ல அகப்பை மட்டும் இருந்தால் சோறு வெந்துவிடாது அன்றோ?

அதற்காகப் பிள்ளைகளுக்குக் கணினியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறி வைத்துக்கொண்டு பாடம் கேட்ட வீடுகள் நம் நாட்டிலும் இருந்தன. அந்த வீடுகளில் இலட்சியக் கணினி எது என்று கேட்டிருந்தால், கையில் கிடைக்கும் கணினியே இலட்சியக் கணினி என்று பெற்றோர் சொல்லியிருப்பார்கள்.

பள்ளிக் கணினி வந்த அதே 2007ஆம் ஆண்டில், தைவானின் ஏசூஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையுடன், ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில், மலிவான கணினி ஒன்றை விற்றுப் பெருவெற்றி கண்டது. ஆஸ்போர்ன் சொன்ன போதும் என்ற கொள்கை மறுபடி தலைகாட்டியது. சில ஆண்டுகளில் அதுவும் மங்கியது. சிறிய திரையும் மெல்ல ஓடும் வேகமும் போதவில்லை. 2010ஆம் ஆண்டு வந்த ஐபேடும் அதன் வழியில் வந்த தட்டைக் கணினிகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

2008ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகக் கடித உறை ஒன்றிலிருந்து மேக்புக் ஏர் கணினியை உருவிக் காட்டினார். எடை 1.36 கிலோ. டைனாபுக்குக்குக் கே வகுத்த எல்லைக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு மெல்லிய கணினிகளே வழக்கமாயின. இன்று ஒருமுறை மின்னேற்றினால் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் கணினிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஆஸ்போர்ன் காலத்தவர்கள் கேட்ட பெரும்பாலானவற்றை இன்றைய கணினி கொடுத்துவிட்டது.

ஆனால் இங்கும் மீசையில் கூழ் ஒட்டத்தான் செய்தது. மெல்லியதாக்குவதற்காக, மின்கலத்தைக் கூட்டுக்குள் பசை போட்டு ஒட்டினார்கள். நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். முன்பெல்லாம் அடியிலுள்ள கொக்கியைத் தள்ளினால் பழைய மின்கலம் கழன்று வரும், புதியதை மாட்டிக்கொள்ளலாம். பல கணினிகளில் அந்த வசதி போய்விட்டது. மின்கலம் நாளடைவில் தளர்ந்துபோகும் பொருள். மின்கலம் ஒன்று தளர்ந்ததற்காக நல்ல கணினியை ஒதுக்கிவிட்டு, புதியது வாங்கும் நிலை ஏற்பட்டது.

ஆகவே இன்று மக்கள் கேட்கும் புதிய விருப்பம் ஒன்றுண்டு. என் கணினியை நானே திறக்க முடிய வேண்டும், பழுது பார்க்க முடிய வேண்டும், நெடுநாள் வைத்திருக்க முடிய வேண்டும் என்பதே அது. 2021ஆம் ஆண்டு ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு திருப்புளியைக் கொண்டு பயனரே பாகங்களை மாற்றக்கூடிய மடிக்கணினியை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு இயற்றிய மின்கலச் சட்டம், கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பயனரே எளிதில் கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்க வேண்டும் என்று கூறி, அதற்கு 2027ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தைத் தொடக்கமாகக் குறித்தது. முற்காலத்தில் இயல்பாக இருந்ததை இப்போது சட்டம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? இலட்சியக் கணினி என்று ஒன்றை எந்த நிறுவனமும் செய்துவிடவில்லை, செய்யவும் இயலாது. ஏனெனில் விருப்பம் மனிதருக்கு மனிதர் மாறுபடுகிறது. செய்தியாளருக்கு இருபது மணி நேர மின்கலமே பெரிது. விண்வெளி வீரருக்கு உறுதியான கூடு. கணக்கருக்குப் பிற கணினிகளோடு ஒத்துப்போகும் தன்மை. பள்ளிப் பிள்ளைக்கு, சொல்லித்தரும் நல்லாசிரியரும் விலை குறைந்த கருவியும். எல்லாம் தருகிறேன் என்று வந்தவை எடையாலும் விலையாலும் வீழ்ந்தன. இன்னாருக்கு இன்னது வேண்டும் என்று அறிந்து, மற்றதைத் துணிந்து விட்டுக்கொடுத்தவையே பயன்பட்டு வாழ்ந்தன.

ஆலன் கேயோ, இன்றைய கருவிகள் தம் டைனாபுக் அல்ல என்று பலமுறை கூறியிருக்கிறார். எடை வந்துவிட்டது, திரை வந்துவிட்டது, சேமிப்பு பல்லாயிரம் மடங்கு வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் அதில் தாமே ஒன்றைப் படைத்துக் கற்பதைவிட, பிறர் படைத்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதே மிகுதி என்பது அவர் குறை. அந்தக் குறையைத் தீர்க்கும் பாகம் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அது நம் வீட்டிலும் வகுப்பறையிலும்தான் கிடைக்க வேண்டும்.

ஆடம் ஆஸ்போர்ன் தம் இறுதிக் காலத்தில் தமிழகத்துக்கே திரும்பி, கொடைக்கானலில் வாழ்ந்து, 2003ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். அவருடைய நிறுவனம் ஓடியது மூன்றே ஆண்டுகள். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கோ உங்களுக்கோ மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போகும்போது, எது மிகச் சிறந்தது என்று விற்பனையாளரைக் கேட்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு, யார் கையில், எத்தனை ஆண்டுக்கு என்று வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், உங்களுக்குப் போதுமான கணினி எது என்பது தானே விளங்கிவிடும்.